தொண்ணூத்தொம்பது போட்டா சரியாயிடுமா?

ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பதிவும் அந்த ஆணியைப் பத்திதான். பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம். ஒரு கல்யாணத்துக்காவது போயிட்டு வந்திருந்தா போதும், புரிஞ்சிடும் :-)

'ரியல்டைம்'னா வேகம்னு நிறைய பேர் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் அப்படித்தான் நெனைச்சேன். உண்மையில ரியல்டைம்னா முகூர்த்தம். ஒன்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள தாலி கட்டணும்னா கட்டியாகணும், அவ்வளவுதான். ஐயர் எவ்வளவு வேகமா மந்திரம் சொல்றார்ங்கறது கணக்குல வராது. "எங்க மண்டபத்துல சராசரியா நேரத்துக்குள்ள தாலி ஏறிடும் சார்"னு ஒருத்தர் சொன்னா உங்க வீட்டுக் கல்யாணத்தை அங்க வைப்பீங்களா?

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ப்ராஜெக்ட். பொருட்களை எடுத்து அடுக்குற ஒரு இயந்திரக் கை. அதோட மோட்டாருக்கு 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கட்டளை போகணும். ஒரே கோர் உள்ள சின்ன போர்டு, லினக்ஸ் 5.10 கெர்னல், அதுமேல ஆர்டி பேட்ச். சராசரி தாமதம் 40 மைக்ரோசெகண்ட்னு ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் கை தட்டினோம். ஆனா ராத்திரி முழுக்க ஓட விட்டா ரெண்டு மூணு தடவை தாமதம் 8 மில்லிசெகண்டுக்குப் போச்சு. அந்த நேரத்துல கை 'வெடுக்'னு ஒரு வெட்டு வெட்டிட்டு நிக்கும்.

"ராத்திரி பூரா ஓடி ரெண்டு தடவைதானேப்பா"ன்னார் மேனேஜர். அந்த மெஷினுக்குப் பக்கத்துல ஒரு தொழிலாளி நின்னு தட்டு மாத்துவார். அவருக்கும் மொத்தம் ரெண்டு கைதான்.

லினக்ஸ்ல ரியல்டைம் டாஸ்க்குகளுக்கு 1 முதல் 99 வரைக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். எங்க டாஸ்க் 80ல இருந்துச்சு. "99 போடு, சரியாயிடும்"னாங்க. போட்டோம். அன்னிக்கு ராத்திரியும் மூணு வெட்டு. ரியல்டைம் டாஸ்க்குகள் ஒரு நொடியில 0.95 நொடிக்கு மேல ஓடாம தடுக்குற காவல் ஒண்ணு அந்தக் கெர்னல்ல உண்டு. அதையும் எடுத்துட்டோம். மறுநாள் ஏதோ ஒரு லூப் முடிவில்லாம சுத்தி மொத்த பொட்டியும் உறைஞ்சு போச்சு. லாகின் பண்ணக்கூட வழியில்ல.

அதுக்கப்புறம்தான் ஊகத்தை விட்டுட்டு அளக்க ஆரம்பிச்சேன். முதல்ல சைக்ளிக்டெஸ்ட். ராத்திரி முழுக்க சுமை ஏத்தி ஓட்டினதுல சுத்தமா வந்துச்சு. அப்ப கெர்னல் மேல தப்பில்ல, எங்க நிரல் மேலதான். அடுத்து எஃப்டிரேஸ். கெர்னல்லயே இருக்குற கருவி இது. எந்த டாஸ்க் எப்ப எழுந்துச்சு, யாரு யாரைத் தள்ளிட்டு ஓடினாங்கன்னு மைக்ரோசெகண்ட் கணக்குல எழுதி வைக்கும். தாமதம் 2 மில்லிசெகண்டைத் தாண்டினதும் அந்தப் பதிவை நிறுத்தச் சொல்லி நிரல்ல ரெண்டு வரி சேர்த்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

காலையில வந்து பார்த்தா, அதே கல்யாண மண்டபம்தான். முகூர்த்த நேரம். மாப்பிள்ளை தயாரா உக்காந்திருக்கார். தாலி இருக்குற பெட்டியோட சாவி ஒரு சின்னப் பையன் கையில. அவன் கொண்டு வர்ற வழியில யாரோ ஒரு மாமா மடக்கி, "டேய், பந்தியில தண்ணி ஊத்து"ன்னுட்டார். மண்டபத்துலயே பெரிய ஆள் மாப்பிள்ளைதான், ஆனா சாவி வராம என்ன பண்ணுவார்? அவருக்கு 99 கொடுத்தாலும் 999 கொடுத்தாலும் காத்துக்கிட்டுதான் இருக்கணும்.

மாப்பிள்ளை எங்க மோட்டார் டாஸ்க். மாமா, 50ல ஓடின கேமரா டாஸ்க். சின்னப் பையன், கடைசி வரிசையில இருந்த லாக் எழுதுற டாஸ்க். சாவி, மூணுல ரெண்டு பேர் பகிர்ந்துக்கிட்ட ஒரு ம்யூடெக்ஸ். இதுக்குப் பேர் முன்னுரிமை தலைகீழாதல். 1997ல செவ்வாய்ல இறங்கின பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதுக்கும் இதுதான் காரணம். அது லினக்ஸ் இல்ல, விஎக்ஸ்வொர்க்ஸ். நோய் மட்டும் ஒண்ணுதான். மருந்தும் ஒண்ணுதான். சாவி வெச்சிருக்குற பையனுக்கு அந்த நேரத்துக்கு மட்டும் மாப்பிள்ளையோட மரியாதையைக் கொடுத்துடணும், எந்த மாமாவும் மடக்க முடியாது. லினக்ஸ்ல சாதாரண ம்யூடெக்ஸுக்கு இது தானா வராது, நாமதான் கேட்டு வாங்கணும்.

சரி, மோட்டார் டாஸ்க் எதுக்கு லாக் சாவிக்காக நின்னுச்சு? 'டீபக் பண்ண உதவும்'னு லூப்புக்குள்ள யாரோ ஒரு லாக் வரி போட்டிருந்தாங்க. யாருன்னு பார்த்தேன். அடியேன்தான் :-( ம்யூடெக்ஸைச் சரி பண்ணினதோட, அந்த வரியையும் லூப்பை விட்டுத் தூக்கிட்டேன். இப்போ தகவலை நினைவகத்துல ஒரு ரிங் பஃபர்ல போடுறதோட சரி, எழுதுறதை வேற டாஸ்க் மெதுவா பார்த்துக்கும். அதுக்கப்புறம் வெட்டு இல்ல.

எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஆர்டி பேட்ச் சுமார் 20 வருஷம் வெளியிலயே இருந்துட்டு, 2024 நவம்பர்ல வந்த 6.12 கெர்னல்லதான் முழுசா உள்ள சேர்ந்துச்சு. கடைசி வரைக்கும் வழியை அடைச்ச பெரிய தடைகள்ல ஒண்ணு எது தெரியுமா? பிரிண்ட்கே, அதாவது கெர்னல் தன்னோட லாக் எழுதுற பகுதி. பெரியவங்களுக்கே அந்தக் கதி :-)

நான் சொல்ல வர்றது இதுதான். எண்ணை ஏத்துறது வைத்தியம் இல்ல, பதட்டம். எல்லா டாஸ்க்கும் 99ன்னா எதுவுமே 99 இல்ல. எல்லா மெயில்லயும் 'அவசரம்'னு போடுற ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. சராசரியைப் பார்த்துக் கை தட்டாதீங்க, ரொம்ப மோசமான அந்த ஒரு தடவையைத் தேடுங்க. "அனேகமா சரியா ஓடுது"ங்கற வார்த்தை வெப்சைட்டுக்கு ஒருவேளை போதும். பக்கத்துல ஒரு மனுஷன் கை இருக்குற மெஷினுக்குப் போதாது.

பி.கு: 99 போட்டு நிஜமாவே பிழைச்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து திட்டலாம்.