பத்துக்கு நாலு

எங்கட லிஸ்னிங் கிளப்பில் போன மாசம் என்ட முறை. நான் போட்ட ஓடியோவுக்கு முதல் வந்த விமர்சனம் இதுதான்: "4/10. ஓடியோ குவாலிட்டி சரியில்ல. ரிப்பீட்டா இருக்கு." மார்க்கைக் கழிச்சுப் பார்த்தா மொத்தம் ஐந்து சொல்.

இரண்டாவது ஆள் கேட்டார்: "இது ஆல்பமே இல்லையே. ஆர்டிஸ்ட் பேர் இல்ல, வருசம் இல்ல, கவர் இல்ல. எப்பிடி ரேட் பண்ற?" மூணாவது ஆள் ஒரு சிரிப்பு இமோஜி. மற்ற ஆக்கள் வாயே திறக்கல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை வேற ஒரு ஆல்பம் வந்தது, எல்லாரும் அங்கால போயிட்டாங்க.

இந்தக் கட்டுரை அந்த நாலு மார்க்கைப் பற்றியது. கோபத்தில எழுதுறாள் என்று நீங்க நினைச்சா, சரியாத்தான் நினைக்கிறீங்க.

கிளப் என்றால் பெரிசா ஒன்றும் இல்லை. ஒரு டெலிகிராம் குரூப். கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று பதினாலு பேர், ஒருவர் தோஹாவில். வெள்ளி இரவு ஒருத்தர் ஒரு ஆல்பம் போடுவார். அடுத்த வியாழனுக்குள்ள எல்லாரும் கேட்டு, விமர்சனம் எழுதி, பத்துக்கு ஒரு மார்க் போடணும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டோம். மாயாவின், அதாவது எம்.ஐ.ஏ.யின், 'கலா' கேட்டோம். பெயரே சொல்ல வராத ஐஸ்லாந்து பாண்ட் எல்லாம் கேட்டோம்.

இந்தக் கிளப் எனக்கு விளையாட்டில்லை. பெரியநீலாவணையில் ஒரு பொம்புளப் புள்ள சத்தமா பாட்டுக் கேட்கிறதே ஒரு செய்திதான். இசை ஹறாமா ஹலாலா என்ற விவாதம் எங்கட ஊர்களுக்குப் புதுசும் இல்ல, முடியப்போறதும் இல்ல. நான் அதுக்குள்ள இறங்கல்ல. ஆனா ஒரு இயர்போனும் ஒரு டேட்டா காட்டும் இருந்தா, யாருக்கும் பதில் சொல்லாம, கேட்டதைப் பற்றி நாலு பேரோடு பேசலாம் என்று எனக்குக் காட்டினது இந்தக் குரூப்தான். அதனாலதான் சண்டை பிடிக்கிறன். பிடிக்காத இடத்தில் யாரும் சண்டை பிடிக்கிறதில்ல.

நான் போட்டது என்ன? ஒரு கசட்டின் ஒரு பக்கம், 27 நிமிசம். மாமா எண்பதுகளின் கடைசியில் சவுதிக்குப் போனவர். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலா வீட்டில் ஆக்கள் சேர்ந்து கசட்டில் பேசி, போறவங்க கையில் குடுத்து அனுப்புவாங்க. இதுவும் அப்படி ஒன்று. ஒவ்வொருத்தரா ஸலாம் சொல்லிச் சுகம் விசாரிக்கிறாங்க. உம்மும்மா பேச வந்து அழுறா. யாரோ பக்கத்தில இருந்து, "அழாத புள்ள, கவி ஒண்டு படி" என்று சொல்றாங்க. பிறகு மூணு பொம்புளைகள் மாறி மாறிக் கவி படிக்கிறாங்க.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எனக்கு ஒன்றரை வயசு. வீட்டில் இருந்த கசட் எல்லாம் போயிட்டு. இது ஒன்று மட்டும் மாமாவோடு சவுதியில் இருந்ததால மிஞ்சினது. அதைத்தான் நான் லெப்டொப்பில் ஏத்தி, கிளப்பில் போட்டன். அதுக்குத்தான் பத்துக்கு நாலு.

"உன்ட உம்மும்மா எண்டதால நாங்க பத்து போடணுமா?" என்று கேட்பீங்க. இல்ல. பத்தும் வேணாம். எனக்கு மார்க்கே வேணாம்.

மார்க் போடுற பழக்கத்தை நாங்க எங்க இருந்து எடுத்தோம்? பிட்ச்போர்க் என்ற அமெரிக்கத் தளம் பத்துக்கு, அதுவும் தசமப் புள்ளியோடு மார்க் போட்டுப் பேர் எடுத்தது. 2003இல் லிஸ் ஃபேர் என்ற பாடகியின் ஆல்பத்துக்கு 0.0 போட்டாங்க. அதை எழுதினவர் 2019இல் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். 2021இல் அதே தளம் பழைய மார்க்குகளைத் திருத்தினபோது, அந்தப் பூச்சியம் 6.0 ஆகிட்டு. ஆல்பத்தில ஒரு நோட்டும் மாறல்ல. 2006இல் ஜெட் என்ற பாண்டின் ஆல்பத்துக்கும் 0.0, விமர்சனம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குரங்கு வீடியோ, வேற ஒரு சொல் இல்லை. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ஆல்பம் எப்படி இருந்தது என்று மட்டும் அதைப் பார்த்த யாருக்கும் விளங்கியிருக்காது.

மார்க்கின் வேலை அதுதான். கேட்டேன் என்று காட்டுறதுக்கு அது போதும், கேட்கத் தேவையில்லை. ஸ்பொட்டிஃபையில் 30 செக்கன் ஓடினாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. எங்கட கிளப்பிலும் அதே கணக்குத்தான் நடக்குது. நான் மட்டும் யோக்கியமில்ல. பரீட்சைக் காலத்தில் ஒரு ஜாஸ் ஆல்பத்தை முதல் பாட்டின் பாதியோடு நிப்பாட்டி, "5.5, மூட் இருக்கு, ஆனா இழுக்குது" என்று எழுதினவள் நான். அந்த ஐந்தரை எங்க இருந்து வந்தது என்று இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஒருத்தரும் கேட்கவும் இல்ல. மார்க்கை யாரும் கேள்வி கேட்கிறதில்ல, அதுதான் அதின் வசதி.

அடுத்தது, "இது ஆல்பமே இல்லையே."

ஆல்பம் என்ற சொல் முதலில் இசைக்கான சொல்லே இல்லை, அட்டைக்கான சொல். 78 ஆர்பிஎம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசம் சொச்சம்தான் பிடிக்கும். அப்படிப் பல தட்டுகளைப் போட்டோ ஆல்பம் மாதிரி அடுக்கி வைக்கிற உறைப் புத்தகத்தைத்தான் ஆல்பம் என்றாங்க. 1948இல் கொலம்பியா கம்பனி எல்பி தட்டைக் கொண்டு வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிசத்துக்கு மேல பிடிக்கும். நாங்க புனிதம் மாதிரிப் பேசுற அந்த நாப்பது நிமிச வடிவம் ஒரு பிளாஸ்டிக் தட்டின் கொள்ளளவு. நல்ல கலைஞர்கள் அந்த அளவுக்குள்ள பெரிய வேலை செய்தாங்க, மறுக்கல்ல. ஆனா ஒரு கம்பனியின் தட்டுக்குள்ள அடங்காதது எல்லாம் இசையில்லை என்றா, எங்கட கரையில் இசையே இல்லை என்றுதான் வரும். வயலில படிச்ச கவி, கல்யாண வீட்டுக் குரவை, றபான் அடிச்சுப் படிக்கிற பைத், பொல்லடிப் பாட்டு: ஒன்றுக்கும் கவர் கிடையாது. தமிழ் சினிமாப் பாட்டுக்கூட அந்த வடிவத்துக்குப் பிறந்ததில்ல. படத்துக்குப் பிறந்து, பிறகு கசட்டுக்குள்ள போனது.

மூணாவது விஷயம்தான் எனக்குப் பெரிசு. "ஆர்டிஸ்ட் பேர் இல்ல." இது நியாயமான கேள்வி. ஆனா கேட்டவர் அதைக் கேள்வியாக் கேட்கல்ல, தள்ளுபடி செய்யக் காரணமாக் கேட்டார். பேர் தெரியாட்டி தேடுறதுதான் விமர்சகரின் வேலை.

பேர் எவ்வளவு பெரிய விஷயம் என்றதுக்கு எங்கட தலைமுறையின் பாட்டே சாட்சி. 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. தீயும் அறிவும் பாடினாங்க, சந்தோஷ் நாராயணன் இசை. அந்தப் பாட்டுக்குப் பின்னால அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பொம்புள. எங்கட நாட்டின் கதை. அதே வருசம் ஓகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சன்ட் டி போலும் இருந்தாங்க, அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாக் கேட்டார், பெரிய வாக்குவாதம் வந்தது, பிறகுதான் அறிவுக்கு என்று தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு அங்க இல்லை. 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரல்ல என்று வீடியோ போட்டுச் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரல்ல. நான் கேட்கிறது வேற. அந்தப் பாட்டுக்கு நாங்க எல்லாம் "வேற லெவல்", "10/10" என்று போட்டோமே, அதில் எத்தனை பேர் எழுதினது யார் என்று எழுதினோம்? பேரை முதலில் மறந்தது பத்திரிகை மட்டும் இல்ல, கேட்கிற நாங்களும்தான்.

எங்களுக்கு முந்தின ஆக்கள் இப்படி இருக்கல்ல. வாப்பா இலங்கை வானொலிக் கதை சொல்லத் தொடங்கினா முடிக்க மாட்டார். பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களின் பேரை நாங்க நடிகர்மாரின் பேர் சொல்ற மாதிரிச் சொல்லுவார். ஒரு பாட்டு ஒலிக்க முதல் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பேர் சொல்லித்தான் போடுவாங்களாம். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டவரின் பேரும் ஊரும் வாசிக்கப்படும். பாடினவருக்கும் பேர், கேட்டவருக்கும் பேர். அதுதான் உண்மையான லிஸ்னிங் கிளப். எங்களிட்ட டெலிகிராம் இருக்கு, அந்த மரியாதை இல்லை.

கல்முனை, சாய்ந்தமருது தாண்டினா காரைதீவு. அங்க பிறந்த சுவாமி விபுலாநந்தர் பத்து வருசத்துக்கு மேல உழைச்சு 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். பழைய யாழை உயிரோடு இருக்கிற யாரும் கேட்டதில்ல. சிலப்பதிகாரத்தில் இருந்த சொற்களை வைச்சு அந்த ஓசையைக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தார். அவருக்கு எழுத்து இருந்தது, ஓசை இல்லை. எங்களிட்ட ஓசை இருக்கு, எழுத்தைத்தான் காணல்ல. 27 நிமிசம் கையில கிடக்கு, நாங்க ஐந்து சொல் எழுதுறோம்.

சரி, நீ எழுதிக் காட்டு என்பீங்க. எழுதுறன்.

முதல் ஐந்து நிமிசம் பேச்சு மட்டும். கவியை மட்டும் வெட்டிப் போட்டிருக்கலாம் என்று நினைச்சன். பிறகு விளங்கிச்சு, அந்த அழுகை இல்லாட்டி முதல் கவி ஏன் அவ்வளவு தாழ்ந்த குரலில் தொடங்குது என்று யாருக்கும் விளங்காது. பின்னால பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம். யாரும் அதுக்குத் தாளமாப் படிக்கல்ல, ஆனா ஒன்பதாவது நிமிசத்தில் உம்மும்மா மூச்சு எடுக்கிற இடமும் தறி அடிக்கிற இடமும் ஒன்றாகிட்டு. குறையும் இருக்கு. இரண்டாவது குரல் அவசரப்படுது, கடைசிச் சொல்லை விழுங்குது. நடுவில் ஒரு கவியை ஒருத்தர் மறந்துபோய்ச் சிரிக்கிறா. அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் மூணு பேருக்கும் மனம் அதில் இல்லை. "ரிப்பீட்டா இருக்கு" என்றது உண்மை: மெட்டு ஒன்றுதான். ஆனா ஒவ்வொருத்தரும் அதை முடிக்கிற விதம் வேற. மூணாவது குரல் கடைசி அடியை மேல தூக்கிக்கொண்டு போய் அப்படியே விட்டிடுது, கீழே இறக்கல்ல. அதைக் கேட்க நாலு தரம் ஆகிச்சு எனக்கு.

மார்க் இல்லாட்டி யாரும் எழுத மாட்டாங்க என்று குரூப் அட்மின் சொல்றார். இருக்கலாம். பதினாலு பேரில் மூணு பேர்தான் எழுதுவாங்க என்றா, மூணு பேர் எழுதட்டும். நான் கேட்கிறது இவ்வளவுதான். மார்க்கை நிப்பாட்டுங்க. யார் பாடினது, யார் எழுதினது, யார் வாசிச்சது என்று தேடி முதல் வரியில் போடுங்க. மாசத்தில் ஒரு வெள்ளி, கவர் இல்லாத ஒன்றைக் கேட்போம். உங்கட வீட்டில், உங்கட ஊரில் யாரிட்டயாவது கிடக்கும். கிடக்காட்டி போனை எடுத்துப் பதிவு செய்யுங்க, படிக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கும்போதே. அவங்களிட்டக் கேட்டு, அவங்க சம்மதிச்சா மட்டும் போடுங்க. நானும் உம்மும்மாட்டக் கேட்டுத்தான் போட்டன். "என்னத்துக்குப் புள்ள இதெல்லாம்" என்றா. பிறகு, "மாமாக்கும் அனுப்பு" என்றா.

அந்தச் சண்டைக்குப் பிறகு நானும் என்ட வீட்டுப்பாடத்தைச் செய்தன். முதல் குரல் உம்மும்மா. இரண்டாவது அவட தங்கச்சி, மௌத்தாகிப் பல வருசம். மூணாவது யார் என்று தெரியல்ல. உம்மா ஒரு பேர் சொல்றா, மாமா வேற ஆள் என்றார். உம்மும்மா காதில் வைச்சுக் கேட்டிட்டு, "தெரிஞ்ச குரல்தான், பேர் வருதில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

அதனால இந்த வெள்ளி அதே கசட்டைத் திரும்பவும் போடுறன். நாலு போட்டவரும் கேட்கணும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைப் பக்கம் இருக்கிற ஆக்கள் 14ஆவது நிமிசத்தை உங்கட மூத்த பொம்புளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க. யாருக்காவது அந்தக் குரல் பிடிபட்டா, பேரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க. விமர்சனத்தைப் பிறகு பார்ப்போம்.