யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் சிப்பாய்: தமிழ் சினிமா ஏன் இன்னும் இந்தக் கதையைத் தொடவில்லை?

81 வயதில் ஒரு ராணுவ அதிகாரி பாகிஸ்தான் போகிறார். தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்க ஆசை. தங்கியிருந்த வீட்டுக்காரரும் முன்னாள் ராணுவ அதிகாரிதான். விருந்தோம்பலில் குறையே இல்லை. கடைசியில் அவர் சொல்கிறார்: "1971 போரில் உங்கள் மகன் இருந்த டாங்கியைச் சுட்டது நான்தான்."

இது கற்பனை இல்லை. பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேதர்பாலின் அப்பா, பிரிகேடியர் எம்.எல்.கேதர்பாலுக்கு 2001-ல் நடந்தது. ஸ்ரீராம் ராகவனின் 'இக்கிஸ்' படம் பேசுவது இதைத்தான். அப்பாவாக நடித்த தர்மேந்திராவுக்கு அதுவே கடைசிப் படம்.

சரி, நம்ம ஊரில் இப்படி ஒரு கதை இல்லையா?

இருக்கிறது. 1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. 1990 மார்ச்சில் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களும் அங்கே இருந்தார்கள். அன்று 22 வயதில் போன சிப்பாய் இன்று 60-ஐத் தொட்டிருப்பார்.

இந்தக் கதையில் என்ன வித்தியாசம்?

மொழி. இரவில் கதவைத் தட்டிய தமிழ்ச் சிப்பாயும், கதவைத் திறந்த அம்மாவும் பேசியது ஒரே மொழி. காக்க வந்தவர்கள் என்று முதலில் மாலை போட்டு வரவேற்ற ஊர், சில மாதங்களில் அவர்களைப் பார்த்தே பயந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மறுபக்கம், திரும்பி வந்த படையைச் சென்னையில் வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அங்கே வெறுப்பு, இங்கே மௌனம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அந்தச் சிப்பாய்.

பிறகு ஏன் யாரும் எடுக்கவில்லை?

பயம்தான் முதல் காரணம். 2013-ல் 'மெட்ராஸ் கஃபே' எதிர்ப்புகளால் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கே வரவில்லை. இரண்டாவது, அந்தக் காலத்தின் முடிவு நம் வாசலில் விழுந்தது. 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம்தான். அதன்பிறகு அமைதிப்படை பற்றி யார் பேசினாலும் "நீ எந்தப் பக்கம்?" என்ற கேள்வி முந்திக்கொள்கிறது.

ஆனால் பக்கம் சாராமல் ஒரு மனிதனின் கதையைச் சொல்ல முடியும். அதற்கு உதாரணமும் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்', 1948-ல் சிறையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பும் ஒரு நெசவாளியின் நினைவுகள். கொள்கை பேசியவர், மகளுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பட்டு இழை திருடுகிறார். படம் அவரை நியாயப்படுத்தவில்லை, தூக்கியும் எறியவில்லை. சிறந்த படம், சிறந்த நடிகர் என இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. யாழ்ப்பாணம் போகும் சிப்பாய்க்கும் இதே பார்வைதான் வேண்டும்.

இது ராணுவத்துக்கு வெள்ளையடிப்பதாக ஆகிவிடாதா?

நியாயமான சந்தேகம். சிப்பாய் அழுவதை மட்டும் காட்டினால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே அளவு வசனம் வேண்டும். அவர் மன்னிக்காமல் எழுந்து போகிற உரிமையும் வேண்டும். கட்டிப்பிடித்து முடிப்பதை விட, தேநீர் ஆறிப்போய் முடிவதுதான் நேர்மையான கிளைமாக்ஸாக இருக்கும்.

பயணமும் இப்போது எளிது. சென்னையிலிருந்து விமானம் போய் இறங்குவது பலாலியில். 1987-ல் அமைதிப்படை போய் இறங்கியதும் அங்கேதான்.

எளிதில்லாதது காலம். 'இக்கிஸ்' படத்தின் ஆரம்பம் இரண்டு முதியவர்கள் உயிரோடு இருந்து பேசிக்கொண்டதில் இருக்கிறது. இங்கேயும் அங்கேயும் அந்தத் தலைமுறை இன்னும் இருக்கிறது. படம் எடுக்கத் தயாரிப்பாளர் கிடைக்க வருஷம் ஆகலாம். ஆனால் ஒரு முன்னாள் சிப்பாயின் பேச்சைப் பதிவு செய்ய கையில் இருக்கும் ஃபோனே போதும். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள்.