எனக்கு ஒரு வரமும் இல்லையாம், டீச்சர்

  இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கிறிஸ்தவரல்லாத என் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இது எங்கள் வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த ஒரு பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஏதோ ஒரு மூன்று நாள் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். கடைசி நாளில் அந்நிய பாஷை பேசும் வரம் பெற்றவர்களை ஒரு பக்கமும் பெறாதவர்களை ஒரு பக்கமும் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் பெறாதவர்கள் பக்கம். தலையில் கைவைத்து ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லை. "உள்ளே ஏதோ அறிக்கையிடாத பாவம் தடுக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு மாதமாக அவள் திருவிருந்து எடுக்கவில்லை. "எனக்கு ஒரு வரமும் இல்லையாம் டீச்சர்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

இவள் யார் தெரியுமா? அவர்கள் சபையில் யார் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ராத்திரித் துணைக்குப் போகிறவள். சொந்தக்காரர்களே முகம் சுளிக்கிற வேலைகளை முகம் கோணாமல் செய்கிறவள். பவுல் ரோமருக்கு எழுதின நிருபம் 12ஆம் அதிகாரத்தில் வரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். போதிப்பது, புத்தி சொல்வது, கொடுப்பது என்று போய்க் கடைசியில் இரக்கம் செய்வதில் வந்து நிற்கிறார். அதைச் செய்கிறவர் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்த வரம் கையில் நிறைய இருக்கிறவளைப் பார்த்து வரம் இல்லை என்று சொன்னவருக்கு வேதத்தில் எந்தப் பக்கம் கிழிந்துபோயிருந்ததோ!

தமிழ் டீச்சர் என்பதால் ஒரு சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். வரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனசுக்கு என்ன வருகிறது? பகீரதன் ஒற்றைக் காலில் நிற்கிறான். இராவணன் தவம் கிடக்கிறான். வருஷக்கணக்காக உடம்பை வருத்தினால் தெய்வம் இறங்கிவந்து கேட்டதைக் கொடுக்கும். வாங்கினவன் அதன்பிறகு சக்தி உள்ளவன். நம் நாட்டில் வரம் தவத்துக்குக் கிடைக்கிற கூலி. அந்தச் சொல்லின் மேல் குறை இல்லை, அதன் கதை அப்படி. ஆனால் பவுல் எழுதின கிரேக்கச் சொல் காரிஸ்மா. கிருபை என்று பொருள்படும் காரிஸ் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சம்பாதிக்காமல் கையில் வந்து விழுவது அது. இதே காரிஸ்மாவை ரோமர் 6:23இல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபைவரம்' என்று போட்டிருக்கிறது. கொரிந்தியர் 12இல் வெறும் வரங்கள் என்று நின்றுவிட்டது. அங்கேயும் கிருபையை முன்னால் ஒட்டியிருந்தால் பாதி வம்பு குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். நாம் சொல்லோடு கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம். நாற்பது நாள் உபவாசித்தால் வரம் வரும், வராதவரிடம் பாவம் இருக்கிறது, வந்தவர் பெரிய தேவமனிதர் என்று கணக்குப் போடுகிறோம்.

கொரிந்து சபையைப் பாருங்கள். வரத்துக்குக் குறைவே இல்லாத சபை என்று முதல் அதிகாரத்திலேயே பவுல் ஒத்துக்கொள்கிறார். அதே நிருபத்தில் அந்தச் சபைக்காரர்கள் கட்சி கட்டுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறார்கள், கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாக இருக்க ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான். வரம் இருப்பது பரிசுத்தத்துக்கு மார்க் ஷீட் என்றால் கொரிந்தியர்தான் மாநில முதலிடம். 12ஆம் அதிகாரத்தின் கடைசியில் பவுல் எல்லாரும் அப்போஸ்தலரா, எல்லாரும் அந்நிய பாஷை பேசுகிறார்களா என்று கேள்வியாக அடுக்குகிறாரே, எல்லாவற்றுக்கும் எதிர்பார்க்கிற பதில் 'இல்லை' என்பதுதான். அடையாளமாக வரும் பாஷை வேறு, வரமாக வரும் பாஷை வேறு என்று பெந்தெகொஸ்தே சபையில் இருக்கும் என் தம்பி மகன் விளக்குவான். மரியாதையோடு கேட்டுக்கொள்வேன். எனக்கு அது ஒப்பவில்லை.

அதே பட்டியலில் 'ஆளுகைகள்' என்று ஒரு வரம் இருக்கிறது. வாசிக்கும்போது பிஷப்பும் பெரிய பதவியும்தான் நினைவுக்கு வரும். கிரேக்கத்தில் அந்தச் சொல் கப்பலைத் திசைபார்த்து ஓட்டுகிற மாலுமியின் வேலையிலிருந்து வந்தது. நம் ஊர் அசனத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். விறகு எத்தனை, அரிசி எத்தனை மூட்டை, எந்தப் பந்தியில் யாரை உட்காரவைத்தால் சண்டை வராது, கடைசிப் பந்திக்குச் சாம்பார் மிஞ்சுமா என்று எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்து, சத்தம் போடாமல் ஓட்டிக் கரைசேர்க்கிற ஒரு அண்ணாச்சி எல்லாச் சேகரத்திலும் இருப்பார். ஜெபிக்கச் சொன்னால் நாலு வரிக்கு மேல் வராது. மேடையில் அவருக்குச் சால்வையும் கிடையாது. அவரிடம் போய் இது ஆவியானவர் கொடுத்த வரம் என்று நம்மில் யாராவது சொல்லியிருக்கிறோமா? யாத்திராகமம் 31இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று பெயர் சொல்லிக் காட்டப்படுகிற பெசலெயேல் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்கிற ஒரு கைவினைக்காரன். இதைச் சொன்னால் நம் ஆசாரி வீட்டுப் பையன்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, டீச்சர் அற்புதங்களையே நம்புகிறதில்லை என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். அந்நிய பாஷை எல்லாம் அமெரிக்க இறக்குமதி என்று எங்கள் சி.எஸ்.ஐ. ஆட்கள் சிலர் பேசுவதும் சரியில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் அசூசா தெரு எழுப்புதல் 1906இல். அதற்கு 46 வருஷம் முன்னாலேயே, 1860இல், நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் உண்டாகிப் பல ஊர்களுக்குப் பரவியது. அவர் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்த நெருப்பு திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே யுஸ்தூஸ் யோசேப்பு என்ற குருவானவர், பெரிய பாட்டுப் புலவர், அதில் முன்னணியில் நின்றார். பிறகு 1881இல் கர்த்தர் திரும்பி வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை நம்பி அவரும் அவரைப் பின்பற்றினவர்களும் காத்திருந்தார்கள். அந்த வருஷம் மற்ற வருஷங்களைப் போலவே கழிந்தது. ஆவியை அவித்துப்போட வேண்டாம் என்று சொல்கிற அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். நாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். எங்கள் சபைகள் அவிக்கிற வேலையைப் பார்க்கின்றன, அந்தச் சபைகள் சோதிக்காமல் விடுகிற வேலையைப் பார்க்கின்றன.

சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது நம் உறவிலேயே நடந்தது. ஒரு கூட்டத்தில் குணமாகிவிட்டது என்று சொல்லி, சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலினை ஒருவர் நிறுத்தினார். ஊசி போடுவது அவிசுவாசம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாலே மாதத்தில் காலில் புண் வைத்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. குணமாக்கும் வரம் வேதத்தில் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் பலரைக் குணமாக்கின பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்ததைத் தன் கைப்படவே எழுதிவைத்திருக்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கூடவே லூக்கா என்ற வைத்தியரை வைத்திருந்தார். மருந்தை நிறுத்தச் சொல்கிற யாருக்கும் பவுலைச் சாட்சிக்குக் கூப்பிட உரிமை இல்லை. சொந்தங்களே, இதை மட்டுமாவது கண்டிப்பாக நினைவில் வையுங்கள்.

சரி, எனக்கு என்ன வரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது வாலிபர் முகாம்களில் ஒரு வினாத்தாள் கொடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டுக் கூட்டினால் உங்கள் வரம் வந்துவிடுமாம். முப்பத்துநாலு வருஷம் வினாத்தாள் எடுத்தவள் சொல்கிறேன், தன் தாளைத் தானே திருத்துகிற பரீட்சையில் எவனும் பெயிலானதில்லை. பேசப் பிடித்தவன் எல்லாம் தனக்குப் போதிக்கும் வரம் என்று எழுதுவான். அவனுக்குப் போதிக்கும் வரம் இருக்கிறதா என்பது கேட்கிறவனுக்குத்தான் தெரியும். கேட்டவனுக்குப் புரிந்ததா, நாலு நாள் கழித்து நினைவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சபையில் புரியாத பாஷையில் பத்தாயிரம் வார்த்தை பேசுவதைவிடப் புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்று பவுல் சொல்வதைப் பார்த்தால், அவர் எங்கள் ஆசிரியர் சங்கத்து ஆள் என்றே தோன்றும்.

வகுப்பிலும் இப்படித்தான். தனக்கு என்ன வரும் என்று பிள்ளைக்கே தெரியாது. இலக்கணத்தில் முப்பத்தைந்தைத் தாண்டாத ஒரு பையன், புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டிருக்கிற பிள்ளைகளின் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்வான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிடும். "நீ உட்கார்ந்தா அழுகை நிக்குதுடே" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அவனுக்கே அது தெரிந்தது. அதற்குப் பிறகு அவனே தேடிப் போய் உட்கார ஆரம்பித்தான். தீமோத்தேயுவுக்கும் பவுல் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடம் இருக்கிறதை அசட்டை பண்ணாதே, நெருப்பை விசிறுவதுபோல் விசிறிக்கொள் என்று இரண்டு நிருபங்களிலும் நினைப்பூட்டுகிறார்.

ஆகையால் சேகரப் பொறுப்பில் இருக்கிற என் பழைய மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். எனக்குத் தெரிந்து ஆறேழு பேராவது சபை மன்றத்தில் இருக்கிறீர்கள். அடுத்த வரங்களைப் பற்றிய கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியைத் தேடி அலைவதற்கு முன்னால், உங்கள் சபைக் குடும்பப் பட்டியலை எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவர் செய்தால் மற்றவர்களுக்குப் பிரயோஜனமாக இருப்பது என்ன என்று ஒரு வார்த்தை எழுதிப் பாருங்கள். எழுதினதை மினிட் புக்கில் பூட்டிவைக்காமல் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். எத்தனை பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வரம் இல்லை என்று அர்த்தமில்லை. உங்களுக்கு அவர்களைத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் உடனே போன் செய்தேன். வேதவாக்கியம் சொல்வதற்கு முன்னால் கடைசியாக யாருக்குத் துணைக்குப் போனாள் என்று கேட்டேன். முந்தின இரவுதான் போயிருக்கிறாள், சபையில் ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். "பாட்டி தூங்கவே விடல டீச்சர், ராத்திரி முழுக்க அவங்க கல்யாணக் கதைதான்" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, ரோமர் 12:8ஐ எடுத்து வாசிக்கச் சொன்னேன். வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு நீளம் தட்டுவது இதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருந்தால் என் மாணவர்கள் தைரியமாகத் திருத்தலாம்.