முதல் பேப்பர் சொதப்பிடுச்சு... மீதி பேப்பரை எழுதணுமா? - சி.ஏ தேர்வில் சறுக்கும் இடங்கள்

மாலை 5 மணி. தேர்வு மையத்தின் கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர், ஒதுக்குப்புறமாக நின்று அம்மாவுக்கு போன் செய்கிறார். அன்று சி.ஏ இன்டர்மீடியட் முதல் குரூப்பின் முதல் பேப்பர்.

“அம்மா, அக்கவுன்ட்ஸ் போச்சும்மா. டைமே பத்தல. ஒரு 14 மார்க் கேள்வியைத் தொடவே இல்ல.”

“சரி விடுடி. சாப்பிட்டியா?”

“இனிமே மீதி ரெண்டு பேப்பர் எழுதி என்னம்மா பிரயோஜனம்? எப்படியும் பாஸாகப் போறதில்ல. நைட் பஸ்ஸுக்கு ஊருக்கு வந்துடுறேன்.”

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. “அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டார்.

‘ஆடிட்டருக்குப் படிக்கிறாங்க’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பல வீடுகளில், அந்தத் தேர்வின் விதிமுறைகள் பெற்றோருக்குத் தெரியாது. பல நேரங்களில் மாணவர்களுக்கே முழுதாகத் தெரிவதில்லை. படிப்பில் கோட்டைவிடுவதைவிட, விதியைக் கவனிக்காமல் கோட்டைவிடுவதுதான் அதிகம் வலிக்கும்.

40, 50, 60... மூன்று நம்பர்களும் முக்கியம்!

இந்திய பட்டயக் கணக்காளர் கழகம் (ஐ.சி.ஏ.ஐ) நடத்தும் சி.ஏ படிப்பில் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று படிகள். இப்போதைய பாடத்திட்டத்தில் இன்டர்மீடியட்டிலும் ஃபைனலிலும் ஆறு பேப்பர்கள். மூன்று மூன்றாக இரண்டு குரூப்.

ஒரு குரூப்பில் பாஸாக ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40 மார்க் வேண்டும். அதோடு மூன்று பேப்பரும் சேர்த்து 300-க்கு 150 வர வேண்டும். மூன்றிலும் 45 எடுத்தவர் எதிலும் ஃபெயில் இல்லை. ஆனால் மொத்தம் 135 என்பதால் குரூப் போய்விடும். 58, 61, 39 எடுத்தவருக்கு மொத்தம் 158 இருந்தும், அந்த ஒரு மார்க் குறைவால் குரூப் போய்விடும்.

அடுத்தது 60. குரூப் போனாலும், ஏதாவது ஒரு பேப்பரில் 60 எடுத்துவிட்டால் அந்தப் பேப்பருக்கு ‘எக்ஸம்ப்ஷன்’ கிடைக்கும். அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டாம். எடுத்த மார்க்கும் குரூப் மொத்தத்தில் சேர்ந்துகொள்ளும்.

ஆனால், இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த குரூப்பின் எல்லா பேப்பர்களையும் எழுதியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போகாமல் விட்டாலும், மற்றதில் 75 எடுத்திருந்தாலும் எக்ஸம்ப்ஷன் கிடையாது. முதல் பேப்பர் சரியில்லை என்று பஸ் ஏறுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

ஒரு குரூப் போனால் என்ன ஆகும்?

தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு 3 முறை நடக்கிறது. ‘நாலு மாசம்தானே’ என்று தோன்றலாம். ஆனால் இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பையும் முடித்தால்தான் 2 வருட ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர முடியும். அதில் சேர்ந்தால்தான் ஸ்டைபண்ட். அதுவரை ஹாஸ்டல் ஃபீஸும் சாப்பாட்டுச் செலவும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கூடப் படித்தவர்கள் ஆபீஸ் போக ஆரம்பித்திருப்பார்கள். ‘இன்னும் முடிக்கலையா?’ என்ற கேள்வி ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் காத்திருக்கும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நான்கு மாதத்துக்கும் இவ்வளவு கனம் உண்டு.

ஹாலுக்குள் போவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

*பேர் ஒன்று, கிளை வேறு:* சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ஒரே பெயரில் நான்கைந்து கிளைகள் உள்ள பள்ளிகள் உண்டு. ஆட்டோக்காரரிடம் பள்ளியின் பெயரை மட்டும் சொன்னால், அவர் தனக்குத் தெரிந்த கிளையில்தான் இறக்கிவிடுவார். ஹால் டிக்கெட்டில் உள்ள தெருப் பெயர், பின்கோடு வரை பார்த்துவிட்டு, முந்தைய நாளே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

*தேதி மாறலாம்:* 2025 ஜனவரியில் பொங்கல் தினமான 14-ம் தேதி நடக்கவிருந்த ஃபவுண்டேஷன் பேப்பர் 16-ம் தேதிக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், எல்லையில் இருந்த பதற்றத்தால் மே 9 முதல் 14 வரை நடக்கவிருந்த தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டு, அந்த மாதப் பிற்பகுதியில் நடத்தப்பட்டன. வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டை நம்பாமல், ஐ.சி.ஏ.ஐ-யின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள்.

*போனில் இருக்கும் ஹால் டிக்கெட்:* போன் ஹாலுக்குள் வராது; அதிலிருக்கும் ஹால் டிக்கெட்டும் வராது. டவுன்லோடு செய்த அன்றே இரண்டு பிரின்ட் எடுத்து, ஒன்றைப் பையிலும் மற்றொன்றை அறையிலும் வைத்துவிடலாம். தேர்வு நாளன்று ஜெராக்ஸ் கடையில் கரன்ட் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

*கால்குலேட்டர்:* பேட்டரியில் இயங்கும், சத்தம் எழுப்பாத சாதாரண கால்குலேட்டருக்குத்தான் அனுமதி. 6 ஃபங்ஷன், 12 டிஜிட், 2 மெமரி வரை இருக்கலாம். சயின்டிஃபிக் கால்குலேட்டரைக் கொண்டுபோனால் வெளியே வைக்க வேண்டியதுதான். தேர்வுக்காகப் புதிதாக ஒன்று வாங்கினால், குறைந்தது ஒரு மாதமாவது அதிலேயே பழகுங்கள். பட்டன் இடம் மாறியிருந்தாலே கை தடுமாறும். முந்தைய கணக்கின் தொகை மெமரியில் அப்படியே இருந்து, அடுத்த கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் விபத்தும் நடப்பதுதான். ஒவ்வொரு கணக்குக்கு முன்பும் மெமரியை அழிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம்

தேர்வு பிற்பகல் 2 மணிக்கு. 1.45-க்கே கேள்வித்தாள் கைக்கு வந்துவிடும். அந்த 15 நிமிடம் படித்துப் பார்க்க மட்டும்தான். எந்தக் கேள்வியை விடலாம், எதில் ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுக்கும் நேரம் அது. பலர் முதல் கேள்விக்கே மனதுக்குள் விடை போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

3 மணி நேரம் என்றால் 180 நிமிடம், 100 மார்க். அதாவது மார்க்குக்கு 1.8 நிமிடம். 14 மார்க் கேள்விக்குச் சுமார் 25 நிமிடம்தான். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று அதிலேயே 40 நிமிடம் உட்கார்ந்தால், கடைசியில் ஒரு முழுக் கேள்வி வெற்றுத்தாளாகப் போகும். டேலி ஆகாவிட்டாலும், சரியாகச் செய்த படிகளுக்கு மார்க் உண்டு. எழுதாத கேள்விக்கு எதுவும் இல்லை. நேரம் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்டர்மீடியட்டில் 30 மார்க்குக்கு அப்ஜெக்டிவ் கேள்விகள். விடையை ஓ.எம்.ஆர் தாளில் வட்டமிட வேண்டும். ‘கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்’ என்று வைத்திருந்து, மணி அடிக்கும்போது பாதி வட்டம் காலியாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிட்டால், அதன் வட்டத்தையும் விட வேண்டும் என்பதை மறந்து, அடுத்தடுத்த விடைகள் எல்லாம் ஒரு வரிசை மேலே ஏறிவிடுவதும் உண்டு. பத்துக்கு ஒருமுறை நம்பரைச் சரிபார்ப்பது இதற்கு நல்ல மருந்து.

இன்னொன்று: ஃபவுண்டேஷனின் அப்ஜெக்டிவ் பேப்பர்களில் தவறான விடைக்கு கால் மார்க் குறையும். இன்டர்மீடியட்டிலும் ஃபைனலிலும் அப்படிக் கிடையாது. எனவே இங்கே ஒரு வட்டத்தையும் காலியாக விடத் தேவையில்லை.

கையில் இருப்பது 45 மணி நேரம்

பொதுவாக இரண்டு பேப்பர்களுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி இருக்கும். ஒரு பேப்பரை முடித்து மாலை 5 மணிக்கு வெளியே வந்தால், அடுத்த பேப்பர் மறுநாளுக்கு மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு. சரியாக 45 மணி நேரம். தூக்கம், சாப்பாடு, பயணம் போனால் படிக்க ஏறத்தாழ 22 மணி நேரம் கிடைக்கலாம். மாதக்கணக்கில் படித்த புத்தகம் முழுவதையும் அதற்குள் ஒருமுறை புரட்டியாக வேண்டும். தயாரிப்பு என்பது இந்த 45 மணி நேரத்துக்கான தயாரிப்புதான்.

* ஒவ்வொரு பாடத்துக்கும் சொந்தக் கையெழுத்தில் சுருக்கக் குறிப்பு வேண்டும். அடுத்தவர் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் கடைசி நேரத்தில் கண் ஓடாது.

* ஐ.சி.ஏ.ஐ இலவசமாகத் தரும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாக் டெஸ்ட் பேப்பரை வெறுமனே படிக்காமல், பிற்பகல் 2 முதல் 5 வரை கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். மதியம் சாப்பிட்டதும் தூங்கிப் பழகிய உடம்பு, தேர்வு அன்றும் அந்த நேரத்துக்குக் கொட்டாவி விடும்.

* வரி, கம்பெனி சட்டம் போன்றவற்றில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சீனியர் கொடுத்த பழைய புத்தகத்தை அப்படியே நம்பக் கூடாது. எந்தத் திருத்தம் வரை உங்கள் தேர்வுக்குப் பொருந்தும் என்பதை ரிவிஷன் டெஸ்ட் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

* எழுதி முடித்த பேப்பரின் விடைகளை நண்பர்களோடு சரிபார்க்க வேண்டாம். தவறு தெரிந்தாலும் திருத்த முடியாது. போவது அந்த 45 மணி நேரம்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

தேர்வு மதியம் என்பதால், என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது முக்கியம். 12 மணிக்குள் வயிற்றைக் கனமாக்காத சாப்பாடு போதும். மே மாதத் தேர்வு என்றால் அக்னி நட்சத்திர வெயில். தண்ணீர் பாட்டில், மோர் கட்டாயம். மாலையில் போன் வந்தால், ‘எவ்வளவு வரும்?’ என்று கேட்காதீர்கள். அழுதால் அழவிடுங்கள். ‘அடுத்த பேப்பருக்குப் போயிட்டு வா’ என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

அந்தத் திண்டுக்கல் மாணவி அன்று இரவு பெட்டியைக் கட்டத்தான் செய்தார். அறையில் கூட இருந்த அக்கா, ஃபைனலுக்குப் படிப்பவர். “போறதுன்னா போ. ஆனா டாக்ஸ்ல நீ நல்லா பண்ணுவ. எழுதாம போனா எக்ஸம்ப்ஷன் கிடையாது, தெரியும்ல?” என்றார். இவருக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் அப்பாவிடமிருந்து போன். “பாஸ் ஃபெயில் அப்புறம் பாத்துக்கலாம்மா. ஃபீஸ் கட்டியிருக்கு, எழுதிட்டே வா” என்றார் அவர்.

எழுதினார். ரிசல்ட் வந்தபோது அக்கவுன்ட்ஸ் 38, சட்டம் 54, டாக்ஸ் 63. மொத்தம் 155 இருந்தும் குரூப் போய்விட்டது. தொடாமல் விட்ட அந்த 14 மார்க் கேள்வியில் நான்கு வரி எழுதியிருந்தால்கூட அந்த 2 மார்க் கிடைத்திருக்கலாம் என்று அன்று முழுவதும் அழுதார்.

ஆனாலும் டாக்ஸில் எக்ஸம்ப்ஷன் கையில் இருக்கிறது. அடுத்த முறை எழுத வேண்டியது இரண்டே பேப்பர். 63 ஏற்கெனவே கணக்கில் இருப்பதால், இரண்டிலும் சேர்த்து 87 வந்தால் போதும். ஒவ்வொன்றிலும் 40-க்குக் குறையக் கூடாது.

இப்போது தினமும் பிற்பகல் 2 மணிக்கு ஹாஸ்டல் மேஜையில் கடிகாரத்தை வைத்துவிட்டு உட்காருகிறார். 25 நிமிடம் ஆனதும் அலாரம் அடிக்கிறது. கணக்கு டேலி ஆனாலும் ஆகாவிட்டாலும், அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.