ரேகன்ஸ்பர்க்: வரவும் பற்றும்

ஜெர்மனியில் ஊர் சுற்ற ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டால் யோசிக்காமல் ரேகன்ஸ்பர்க் என்பேன். மியூனிக்கிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் பவேரியா டிக்கெட் இருக்கிறது, மாணவர் பர்ஸ் தாங்கும். (வார நாட்களில் காலை ஒன்பதுக்கு முன் செல்லாது. தூங்குமூஞ்சிகளுக்கு நல்ல சாக்கு!)

எல்லோரும் பார்ப்பதை நானும் பார்த்தேன். டான்யூப் நதி மேல் 1135-ல் தொடங்கி 1146-ல் முடித்த கல் பாலம், பக்கத்தில் பழைய உப்புக் கிடங்கு, ஒட்டினாற்போல் சாசேஜ் கடை. ஊருக்குள் வியாபாரிகள் கட்டிய கோபுர வீடுகள். காசு இருக்கிறது என்று அடுத்தவனுக்குக் காட்டத்தான் அவ்வளவு உயரம். பி.காம் கண்ணில் சுத்தமான விளம்பரச் செலவு :)

நிற்க. "போரில் தப்பித்த அதிர்ஷ்டக்கார ஊர்" என்று ஒரே வரியில் கதையை முடிக்கிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1943-ல் இங்கிருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலை மேல் குண்டு விழுந்தது, பழைய ஊர் பெரும்பாலும் பிழைத்தது, எல்லாம் சரி. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஊர் நொடித்துவிட்டது. வியாபாரம் நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் பக்கம் நகர்ந்தது. 1486-ல் கடன் தாங்காமல் பவேரிய டியூக்கிடம் சரணடைந்தார்கள், 1492-ல் பேரரசர் தலையிட்டு மீட்டார். பழசை இடித்துப் புதுசாகக் கட்டக் காசில்லை, அதனால் பழசு நின்றது.

நொடித்தவன் பழி போட ஆள் தேடுவான். இங்கே கிடைத்தவர்கள் யூதர்கள். வட்டிக்காரர்கள்தான் ஊரைக் கெடுத்தார்கள் என்று தேவாலயத்திலேயே பிரசங்கம் நடந்தது. யூதர்களுக்குப் பாதுகாப்பு பேரரசர்தான். அந்த மாக்ஸிமிலியன் 1519 ஜனவரியில் இறந்தார், பிப்ரவரியில் நகர சபை யூதர்களை வெளியேற்றியது. வழிபாட்டுக்கூடத்தை இடித்தார்கள். இடிக்கும் முன் அதை உருவப்படமாகச் செதுக்கி வைத்த ஓவியர் ஆல்ட்டோர்ஃபர் அதே நகர சபையில் உறுப்பினர்! கல்லறைக் கற்களைப் பெயர்த்துக் கட்டடங்களில் பதித்தார்கள். சில கற்கள் இன்னும் சுவர்களில் தெரிகின்றன. கடன் கொடுத்தவனைத் துரத்திவிட்டால் கடன் தீர்ந்ததாக எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

அந்த இடம் இப்போது நொய்ஃபார்பிளாட்ஸ் என்ற சதுக்கம். வழிபாட்டுக்கூடத்தின் தரைப்பட வடிவத்திலேயே வெள்ளைக் கான்கிரீட்டில் டானி கரவன் செய்த நினைவிடம் 2005-ல் திறக்கப்பட்டது. ஜனங்கள் அதன் மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். அதில் தப்பில்லை, உட்காரட்டும். இது என்ன இடம் என்று தெரியாமலே எழுந்து போவதுதான் உறுத்துகிறது. அழகான பாலம் வரவுப் பக்கம் என்றால், இது பற்றுப் பக்கம். ஒன்றை மட்டும் காட்டி ஊரைச் சுற்றிக்காட்டினால் அது அரைக்கணக்கு.

அதனால் போகிறவர்கள் வரிசையை மாற்றுங்கள். ஸ்டேஷனிலிருந்து நேராக இந்தச் சதுக்கம், நடக்கிற தூரம்தான். பிறகு சந்துகளில் சுவரைப் பார்த்தபடி நடங்கள், எபிரேய எழுத்து பதித்த கல் கண்ணில் படலாம். பாலமும் சாசேஜும் மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், எங்கேயும் போய்விடாது.