பெயருக்கு உரியவர்

ஐக் டர்னரின் ‘கிங்ஸ் ஆஃப் ரிதம்’ இசைக்குழு என்றதும் 1951இல் மெம்ஃபிஸில் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலைச் சொல்வார்கள். ராக் அண்ட் ரோலின் முதல் இசைத்தட்டு என்று பலர் கொண்டாடுவது அது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. “ஐக் இல்லையென்றால் டினா ஏது?” என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

1960இல், பாட வேண்டிய ஆண் வராமல்போக, அன்னா மே புல்லக் பாடிய ‘எ ஃபூல் இன் லவ்’தான் ஐக்கை நாடறியச் செய்தது. அவர் இல்லையென்றால் ஐக் ஏது என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

‘டினா டர்னர்’ என்று அவருக்குப் பெயர் சூட்டிய ஐக், அதைத் தன் உடைமையாகப் பதிவுசெய்துகொண்டார். டினா போனால் வேறொருத்தியை அதே பெயரில் மேடையேற்றலாம் அல்லவா? ஆண்டுக்கணக்கில் அடித்தார். 1976இல் டாலஸில், ரத்தக்கறையோடு, 36 சென்ட்டுடன் டினா தப்பி ஓடினார். 1978 விவாகரத்தில் பணத்தை விட்டுக்கொடுத்துப் பெயரைக் கேட்டு வாங்கினார்.

1991இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கம் அடித்தவரோடு சேர்த்தே அவரை ஏற்றது. தனியாக ஏற்க மேலும் 30 ஆண்டுகள் ஆயின.

தோழியரே, அந்தக் குழுவின் மரபை எழுதும்போது இசைத்தட்டுகளை மட்டும் எண்ணாதீர்கள். அதற்கு உடலால் விலை கொடுத்தவர் யார் என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.