சம்பளத்தை விடாதே... சிரிக்க வை!

சென்னையில் இப்போது மைக் பிடித்துக் காமெடி பேச இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். நல்லதுதான்! ஆனால் நாலு பேர் கைதட்டியதுமே சிலர் ஆபீஸ் வேலையை உதறிவிடுகிறார்களே, அதுதான் தப்பு.

மறைந்த நடிகர் விவேக் என்ன செய்தார்? பகலில் தலைமைச் செயலகத்தில் உத்தியோகம். மாலையில் ஹியூமர் கிளப் மேடை. அதன்மூலம் டைரக்டர் பாலசந்தரிடம் அறிமுகமாகி, 1987-ல் "மனதில் உறுதி வேண்டும்" படத்தில் தலைகாட்டினார்.

புது ஆட்களுக்கும் அதுதான் வழி. ஒரே ஜோக்கைச் சின்னச் சின்ன மேடைகளில் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கணும். சிரிப்பு வராத இடத்தில் கத்தரி போடணும். அன்றைக்கே அதைச் செல்போனில் பரப்பிவிட்டால், அப்புறம் காசு கொடுத்துக் கேட்க யார் வருவார்?

வாடகைக் கவலையோடு மேடை ஏறினால் சிரிப்பா வரும்? அழுகைதான் வரும்!